ஓவியப் போட்டி, பேரணி தவிர வேறு என்ன செய்யலாம்? 8ஆம் வகுப்பு, போக்குவரத்தும் சுற்றுச்சூழலும்

சாக்பீஸ் தூள் எழுதியது:

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப்படைப் பொறுப்பும் என் தலையில்தான். இந்தப் பருவத்துக்கு “போக்குவரத்தும் சுற்றுச்சூழலும்” என்று தலைப்பு எடுத்திருக்கிறோம். வாரம் ஒரு பீரியட் கிடைக்கும். செலவுக்கென்று பெரிதாக எதுவும் கிடையாது. சார்ட், ஸ்கெட்ச் பேனா வாங்கலாம், அவ்வளவுதான்.

வழக்கமாக நடப்பது ஓவியப் போட்டி, வாசகப் போட்டி, ஊரைச் சுற்றி ஒரு பேரணி, கடைசியில் உறுதிமொழி, போட்டோ. ஓவியத்தில் எல்லாரும் ஒரே படத்தைத்தான் போடுவார்கள். பூமி உருண்டை அழும், பக்கத்தில் ஒரு லாரி கறுப்பாகப் புகை கக்கும்.

என் வகுப்பில் பாதிப் பேர் நடந்து வருகிறவர்கள். மீதிப் பேரில் பெரும்பாலும் இலவச பஸ் பாஸ், சைக்கிள் கொஞ்சம். “எரிபொருளை மிச்சப்படுத்துவோம்” என்று போர்டில் எழுதியதும் ஒரு பையன் எழுந்து, “மிஸ், எங்க வீட்ல வண்டியே இல்ல. நாங்க எதைக் குறைக்கணும்?” என்றான். நியாயமான கேள்வி. இவர்களுக்கு என்ன சொல்லித் தரலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பெஞ்சு எழுதியது:

முதலில் அந்தப் பையனைப் பசுமைப்படைக்குத் தலைவனாகப் போடுங்கள் டீச்சர்.

நான் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவன். உறுதிமொழியை ஓரம் வைத்துவிட்டுக் கணக்கில் ஆரம்பியுங்கள் என்பேன். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதை எரித்தால் வருகிற கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 2.3 கிலோ. இதை மட்டும் போர்டில் எழுதிவிட்டுச் சும்மா நில்லுங்கள். முக்கால் கிலோ எப்படி இரண்டே கால் கிலோவாகும் என்று எவனாவது கேட்பான். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

விடை காற்றில் இருக்கிறது. பெட்ரோலில் முக்கால் பங்குக்கு மேல் கார்பன், லிட்டருக்கு 640 கிராம் அளவில் வரும். 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு 44 கிராமாக வெளியே போகிறது. 640ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுக்கச் சொல்லுங்கள். மிச்ச எடை முழுக்க நாம் மூச்சு விடும் காற்றிலிருந்து எடுத்தது. டீசல் கொஞ்சம் கனமானது, லிட்டருக்கு 2.7 கிலோ வரை போகும். நான் வகுப்பில் இதைச் சொன்ன போதெல்லாம் பின் பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். அழுகிற பூமி உருண்டைக்கு யாரும் நிமிர்வதில்லை.

இன்னொன்று. சுற்றுச்சூழலைப் பள்ளியில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உத்தரவிட்டது. அந்தப் பாடம் சடங்காகப் போனதற்கு நீதிமன்றம் பொறுப்பில்லை.

டெப்போ குமார் எழுதியது:

பெஞ்சு சார் சொன்ன கணக்கை அப்படியே பஸ்சுக்குக் கொண்டு வாருங்கள். நான் பணிமனையில் வேலை பார்ப்பவன், ஊர் பெயர் வேண்டாம்.

நின்று நின்று ஓடும் டவுன் பஸ் லிட்டருக்கு 4 கி.மீ. என்று வையுங்கள். வெளியூர் வண்டி இன்னும் கூடுதலாகக் கொடுக்கும். 2.7 கிலோவை 4ஆல் வகுத்தால் ஒரு கி.மீ.க்கு 675 கிராம். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் உள்ளே 50 பேர் இருந்தால் தலைக்கு 13 கிராம்தான். ஸ்கூட்டர் லிட்டருக்கு 40 கொடுத்தால் கி.மீ.க்கு 58 கிராம், ஓட்டுபவர் தனியாகப் போனால் அது முழுக்க அவர் கணக்கு. கார் ஊருக்குள் 12 கொடுத்தால் 190 கிராம்.

பிள்ளையை ஸ்கூலில் விடும் கதை இன்னும் மோசம். பள்ளி 3 கி.மீ. தூரம். காலையில் விட்டுவிட்டுத் திரும்பினால் 6, மாலையில் போய்க் கூட்டி வந்தால் இன்னொரு 6. நாளுக்கு 12 கி.மீ., அதாவது காருக்கு ஒரு லிட்டர், 2.3 கிலோ. அதே பிள்ளை நிரம்பிய பஸ்சில் போய் வந்தால் 80 கிராம் சொச்சம். டீச்சர், உங்கள் பிள்ளைகள் எதைக் குறைக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. அவர்கள் ஏற்கெனவே குறைத்துவிட்டார்கள். அதைக் கணக்குப் போட்டு அவர்கள் கண்ணுக்கே காட்டுங்கள்.

வண்டலூர் வாசி எழுதியது:

காலி பஸ்?

டெப்போ குமார் எழுதியது:

நல்ல கேள்விதான். அஞ்சு பேரோடு போனால் தலைக்கு 135 கிராம், தனி ஸ்கூட்டரை விட மோசம். ஏறத்தாழ 12 பேர் ஏறினால்தான் ஸ்கூட்டரோடு சரிக்குச் சரி வரும், காரோடு சரிக்கட்ட 4 பேர் போதும். அதனால்தான் பிள்ளைகளையே தலை எண்ணச் சொல்கிறேன். காலை எட்டரை மணி வண்டியில் எண்ணட்டும், மதியம் ரெண்டு மணி வண்டியிலும் எண்ணட்டும். புத்தகத்தில் இருக்கிற “பேருந்து நல்லது” என்ற ஒற்றை வரியை விட இதில் விஷயம் இருக்கிறது.

ரெண்டு பிள்ளை அப்பா எழுதியது:

பொதுவாகக் கார் வைத்திருப்பவனைத் திட்டுவது எளிது. நான் தினமும் இரண்டு பேரைக் காரில் கொண்டுபோய் விடுகிறேன். தனியார் பள்ளி, வீட்டிலிருந்து இரண்டு கி.மீ. கூட இல்லை. ஏன் நடக்க விடவில்லை? வழியில் நடைபாதை என்று ஒன்று கிடையாது. மழைநீர் வடிகால் தோண்டிப் போட்ட பள்ளம், அதைத் தாண்டினால் தண்ணி லாரி. பள்ளி வேன் வைத்துப் பார்த்தோம். 2012இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டையில் விழுந்து ஒரு குழந்தை இறந்தது ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகுதான் தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகளே போட்டது. ஒவ்வொரு கோடையிலும் ஆர்.டி.ஓ. ஆய்வு நடப்பதும் பேப்பரில் வருகிறது. இருந்தாலும் எங்கள் வேனில் சீட்டுக்கு மூன்று பேர். மனசு கேட்கவில்லை, நிறுத்திவிட்டோம்.

பிள்ளைகளுக்கு 2.3 கிலோ கணக்கைச் சொல்லிக் கொடுத்து, அவர்கள் வீட்டுக்கு வந்து என்னைக் குற்றவாளியாகப் பார்ப்பதில் யாருக்கு லாபம்?

சாக்பீஸ் தூள் எழுதியது:

சார், உங்கள் பிள்ளைகள் நடக்க முடியாத அதே ரோட்டில்தான் என் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள்.

லூயிஷம் சந்திரன் எழுதியது:

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நான் இருப்பது தென்கிழக்கு லண்டன். எங்கள் பகுதியில் சவுத் சர்க்குலர் என்ற நெரிசலான சாலையின் அருகே குடியிருந்த எல்லா (Ella) என்ற 9 வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவில் இறந்துபோனாள். அவளுடைய அம்மா பல வருடம் போராடினார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசும் அந்த மரணத்துக்குக் காரணம் என்று தீர்ப்பில் எழுதினார். பிரிட்டனில் அப்படி எழுதப்பட்டது அதுவே முதல் தடவை. இங்கே பள்ளிகளில் இந்தப் பாடம் சூடு பிடிக்க அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

இங்கே செய்வது என்னவென்றால், பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் வாசல் தெருவில் வண்டிகளை விடுவதில்லை. அந்தத் தெருவாசிகளுக்கு மட்டும் விலக்கு. சில இடங்களில் கேமரா, சில இடங்களில் ஆள் நின்று தடுப்புக் கட்டை வைப்பார். இத்தாலியின் பொல்சானோவில் 1980களின் கடைசியிலேயே தொடங்கிய யோசனை இது. இன்று லண்டனில் மட்டும் இப்படி நூற்றுக்கணக்கான தெருக்கள்.

“நடைப் பேருந்து” என்று இன்னொன்று உண்டு. ஒரு பெரியவர் முன்னால், ஒருவர் பின்னால், நடுவில் பிள்ளைகள் வரிசை. குறித்த நேரத்துக்குக் குறித்த முனையில் நிற்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டே பள்ளிவரை நடக்கும். ஆஸ்திரேலியாவின் டேவிட் எங்விச்ட் சொன்ன யோசனை. இங்கிலாந்தில் 1998இல் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் ஒரு வருடம் ஓடிப் படுத்துவிட்டது. காரணம் எளிது, மழைக்காலத்தில் முன்னால் நடக்கப் பெரியவர்கள் வரவில்லை.

புதுக்கோட்டை பாரதி எழுதியது:

நடைப் பேருந்துக்கு லண்டனா? எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்துதான் எப்போதும் பள்ளிக்குப் போவோம். பெரியவர் இருக்க மாட்டார், அதுதான் வித்தியாசம். 😄

சைக்கிளைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளில் பழகினாள், பிறகு அதையே விடவில்லை. முன்பாரில் என்னை உட்கார வைத்து, பின்னால் குடத்தைக் கட்டிக்கொண்டு போவாள். அவளுக்குச் சுற்றுச்சூழல் என்று யாரும் பாடம் எடுக்கவில்லை. பஸ்சுக்குக் காத்திருக்க வேண்டாம், அண்ணனையோ புருஷனையோ கெஞ்ச வேண்டாம், அவ்வளவுதான்.

டீச்சர், உங்களுடையது 10ஆம் வகுப்பு வரையுள்ள பள்ளி. அரசின் விலையில்லா மிதிவண்டி 11இல்தான் கைக்கு வரும். 8ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஓட்டத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பீரியடை மைதானத்தில் அதற்கே ஒதுக்கலாம். பஞ்சர் ஒட்டவும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். ட்யூபைத் தண்ணீர் வாளியில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பதும் அறிவியல்தானே.

ஸ்கார்பரோ வதனா எழுதியது:

நான் கனடாவிலே ஒரு பள்ளிக்கூடத்திலே உதவி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கட பக்கம் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. ரொறன்ரோவிலே நிற்கிற வாகனத்தின்ட எஞ்சினை ஒரு மணித்தியாலத்துக்குள்ளே ஒரு நிமிடத்துக்கு மேலே சும்மா ஓட விடக் கூடாது என்று நகரசபைச் சட்டம் இருக்கு. பெற்றோர் கனபேருக்கு அது தெரியாது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசலிலே வரிசையாக நின்றுகொண்டு எஞ்சினை ஓடவிட்டபடி ஃபோன் பார்ப்பினம்.

நாங்கள் செய்தது சின்ன வேலைதான். பிள்ளைகளே அட்டை செய்து, காரின்ட கண்ணாடியைத் தட்டிக் குடுத்தார்கள். ஒரு பக்கம் “நான் மூச்சு விடுகிறது இந்த உயரத்திலே” என்று கோடு, மற்றப் பக்கம் சட்டம். காரின்ட புகைக்குழாய் இருக்கிறது சின்னப் பிள்ளைகளின்ட முகத்துக்குக் கிட்டத்தானே. ஒரு அங்கிள் முதலிலே கோபப்பட்டார், பிறகு நிப்பாட்டினார். பெரிய ஆக்கள் சொன்னால் சண்டை வரும், எட்டு வயதுப் பிள்ளையோட ஆர் சண்டை பிடிக்கிறது? ஆனால் பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம், ஒரு ஆசிரியர் கட்டாயம் பக்கத்திலே நிற்க வேணும்.

ரெண்டு பிள்ளை அப்பா எழுதியது:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏ.சி.க்காக நானும் எஞ்சினை ஓட விடுபவன்தான். கணக்கில் அது எவ்வளவு வரும்?

டெப்போ குமார் எழுதியது:

வண்டியைப் பொறுத்தது. ஏ.சி.யோடு என்றால் மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும் குடிக்கும். கால் மணி நேரம் நின்றால் கால் லிட்டர், மைலேஜ் பூஜ்யம்.

மைக்ரான் எழுதியது:

காற்றுத் தர அளவீட்டில் வேலை செய்கிறேன், அதனால் ஒரு எச்சரிக்கை. மேலே கார்பன் டை ஆக்சைடும் புகையும் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டையும் குழப்பாதீர்கள். முதலாவது உலகத்தைச் சூடாக்கும், பள்ளி வாசலில் அதனால் யாருக்கும் இருமல் வராது. வாசலில் நெஞ்சைப் பிடிப்பது நுண்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும். 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள் என்றால் தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. மூக்கு, தொண்டையெல்லாம் தாண்டி நுரையீரலின் அடிவரை போகும்.

பள்ளிகளில் ஒரு பரிசோதனை செய்வார்கள், நல்லதுதான். வெள்ளை அட்டையில் மெல்லிசாக வாஸ்லின் தடவி, ஒன்றை வாசலில், ஒன்றை மைதானத்து வேப்பமரத்தில், ஒன்றை வகுப்பறைக்குள் கட்டிவிட்டு ஒரு வாரம் கழித்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது. மழை படாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்க்க வேண்டும். வாசல் அட்டை சாம்பல் நிறத்தில் இருக்கும், பிள்ளைகள் அசந்துபோவார்கள். ஆனால் அந்த அட்டையில் தெரிவது பெரிய தூசி. பெரும்பாலும் சாலைப் புழுதி, டயர் தேய்மானம், பக்கத்தில் கட்டடம் கட்டினால் சிமென்ட். உண்மையில் ஆபத்தான துகள் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் அதே பீரியடில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் “அட்டை சுத்தமாக இருக்கு, காற்றும் சுத்தம்” என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

யாராவது மலிவான சென்சார் வாங்கிக் கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது லேசர் ஒளி சிதறுவதைப் பார்த்துத் துகளை எண்ணுவது. மார்கழிப் பனியில் ஈரத்தால் துகள் ஊதிப்போய் எண்ணிக்கை கூட்டிக் காட்டும். இந்த 2.5 மைக்ரான் துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம் என்று வைத்தது, நம் நாட்டு வரம்பு 60. ஏன் இரண்டு எண் என்று 8ஆம் வகுப்பு கேட்கும். கேட்கட்டும்.

மின்னல் வேகம் எழுதியது:

எல்லாம் எலக்ட்ரிக் ஆகப்போகிறது, எதற்கு இவ்வளவு அலட்டல்? சென்னையிலேயே 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகளை இறக்கிவிட்டார்கள்.

மைக்ரான் எழுதியது:

புகைக்குழாய் இல்லாமல் போவது பெரிய விஷயம், மறுக்கவில்லை. டயரும் ரோடும் தேய்வது அப்படியே இருக்கும். மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரி, முப்பந்தலில் காற்றாலை சுற்றும் மாதங்களில் நம் மாநிலத்துக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. அப்புறம், மின்சாரக் கார் நூறு சேர்ந்து பள்ளி வாசலை அடைத்தாலும் அடைப்பு அடைப்புதான். பிள்ளை ரோட்டைக் கடக்க முடியாது.

பழைய பெஞ்சு எழுதியது:

தம்பி மின்னல், இதையும் கேளுங்கள். ஒரு காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்தே விற்றார்கள், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் சரக்கு. இந்தியாவில் 2000 பிப்ரவரியில் அது முழுக்க நின்றது. உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல். அதேபோல 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற வாகனப் புகை விதி வந்தபோது டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.இல் இருந்து 10ஆக இறங்கியது. இதில் எதுவும் தனி மனிதர்கள் உறுதிமொழி எடுத்ததால் நடக்கவில்லை. நீதிமன்றம், விதி, சுத்திகரிப்பு ஆலை என்று பல கைகள் சேர்ந்தன. வண்டியே இல்லாத பிள்ளையிடம் “நீ குறை” என்று சொல்லும் பாடத்தில் எனக்கு உள்ள கோபம் இதுதான். யாரிடம் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

சாக்பீஸ் தூள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஓரளவு வடிவம் வந்துவிட்டது. முதலில் 2.3 கிலோ கணக்கு. பிறகு ஒவ்வொருவரும் எப்படி வருகிறார்கள் என்று எழுதி, வகுப்பு மொத்தத்துக்கும் ஒரு நாள் கணக்கு. அடுத்தது வாசல் அட்டை. அது தொங்குகிற வாரத்தில் பிள்ளைகள் தங்கள் வழியை வரைபடமாகப் போடுவார்கள்: எங்கே ரோட்டோரம் நடக்க இடமில்லை, எங்கே நாய், எங்கே தெருவிளக்கு எரியவில்லை, எந்த ஸ்டாப்பில் நிழல் இல்லை.

நேற்றே சிலரைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு பெண் தன் வீட்டிலிருந்து பள்ளிவரை கோடு இழுத்து, ஓர் இடத்தில் சிவப்பில் வட்டம் போட்டு “இங்கே ஓட வேண்டும்” என்று எழுதியிருந்தாள். கேட்டால், லாரி திரும்புகிற முனையாம், அங்கே எல்லாரும் பையைப் பிடித்துக்கொண்டு ஓடித்தான் கடப்பார்களாம். இத்தனை வருடம் அதே முனை வழியாகத்தான் நானும் ஸ்கூட்டரில் வருகிறேன்.

இன்னொன்று, பஸ் விஷயம். பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் கூட்டமாக நின்றால் சில வண்டிகள் ஸ்டாப்பில் நிற்காமல் தள்ளிப்போய் நிற்கின்றன. பிள்ளைகள் ஓடிப் போய்ப் படியில் தொங்குகிறார்கள். “படியில் பயணம் நொடியில் மரணம்” என்று உள்ளே எழுதித்தான் இருக்கிறது. குமார் அண்ணே, இதை யாரிடம் எழுதுவது?

வண்டலூர் வாசி எழுதியது:

ரோடு விஷயத்துக்கு முதலில் அந்த ரோடு யாருடையது என்று பாருங்கள். ஊராட்சிச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையா? தப்பான இடத்தில் மனுக் கொடுத்தால் ஆறு மாதம் சுற்றும். ஊராட்சி என்றால் அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கலாம். பிள்ளைகளே வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு போகட்டும், ஊர் பார்க்கும். நெடுஞ்சாலை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். இரண்டுக்கும் முன்னால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, நகலை இணையுங்கள். அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தலைவரும் பெற்றோர்தான். டீச்சர் தனியாகக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ரெண்டு பிள்ளை அப்பா எழுதியது:

எங்கள் பள்ளியில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வதனா அக்காவின் அட்டை யோசனையைப் போட்டேன். மூன்று பேர் கட்டைவிரல், ஒருவர் “முதலில் பார்க்கிங் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்” என்றார். டீச்சர், உங்கள் பிள்ளைகள் போடும் வரைபடத்தில் எங்கள் பள்ளி வாசலும் வருமா? ஒரே சாலை என்றால் இரண்டு பள்ளிக் குழுவும் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். காரில் வருகிறவனும் கையெழுத்துப் போட்டால் கொஞ்சம் எடை கூடும்.

சாக்பீஸ் தூள் எழுதியது:

தனிச் செய்தியில் ஊர் பெயர் அனுப்புகிறேன் சார், பார்த்துச் சொல்லுங்கள்.

டெப்போ குமார் எழுதியது:

பஸ்சுக்குக் கிளை மேலாளர் பெயரில் எழுதுங்கள். “பேருந்துகள் நிற்பதில்லை” என்று பொதுவாக எழுதினால் ஃபைலுக்குள் போய்விடும். தடம் எண், ஸ்டாப் பெயர், தேதி, நேரம், அப்போது எத்தனை பிள்ளைகள் நின்றார்கள், வண்டியின் பதிவு எண், இதையெல்லாம் இரண்டு வாரத்துக்குப் பிள்ளைகளே நோட்டில் குறித்து அதன் ஜெராக்ஸை வையுங்கள். நின்ற வண்டியையும் குறியுங்கள். இல்லையென்றால் டிரைவர் மேல் காழ்ப்பு என்பார்கள். எட்டரைக்கு ஒரே வண்டியில் 90 பேர் என்று உங்கள் தலை எண்ணிக்கையே காட்டினால், கூடுதல் ட்ரிப் கேட்க அதைவிடக் காகிதம் வேண்டாம். கடிதத்தைத் தலைமை ஆசிரியர் முத்திரையோடு நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஷெட்யூல் மாற்றும் நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் நல்லது, அது எப்போது என்று கிளையில் கேட்டாலே சொல்வார்கள்.